வழிப்போக்கரும் ஊரவரும்: கலவர நாடுகளின் பிரயாண இலக்கியம் பற்றி

பிரயாண நூல்களுக்கு மதிப்புரை எழுதுவோரிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. நூலாசிரியர் சென்ற நாடு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கொண்டே நூலின் தரத்தை அளந்துவிடுகின்றனர். போர் நடந்த நாடு, இராணுவக் காவல் நிறைந்த வீதி, துணையின்றித் தனியே சென்ற பிரயாணி, ஊர் மக்களின் வீட்டு விறாந்தையில் அமர்ந்து கேட்ட கதைகள் ஆகியன ஒரு நூலில் அமைந்துவிட்டால், அதனைத் துணிவு மிக்க நூல் என்று பாராட்டி முடித்துவிடுகின்றனர். துணிவு நல்ல குணமே. ஆயின் அது இலக்கிய அளவுகோல் ஆகுமா? ஆபத்துள்ள ஊருக்குச் சில நாள் வந்து செல்பவரின் துணிவைப் புகழும் நாம், அவ்வூரில் ஆயுள் முழுவதும் இருந்துகொண்டு, வந்தவர் கேட்ட கேள்விக்கு வாய் திறந்து விடை சொன்னவரின் துணிவைப் பற்றி என்ன சொல்லப் போகிறோம்? இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா இதுவே.

இவ்வினாவை மண்கும்பானிலிருந்து எழுப்புவதற்குக் காரணமுண்டு. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலை ஊடறுத்து வரும் வீதி, அல்லைப்பிட்டியையும் மண்கும்பானையும் கடந்து வேலணைக்குச் செல்கிறது. அப்பால் புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மனை வழிபடச் செல்வோரும், அதே தீவிலுள்ள விகாரையைத் தரிசிக்கத் தெற்கிலிருந்து பஸ் வண்டிகளில் வரும் சிங்கள யாத்திரிகரும், நெடுந்தீவின் பழங்கோட்டையையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் காண விழையும் வெளிநாட்டாரும் இவ்வழியேதான் போகின்றனர். மண்கும்பான் அவர்களுக்குப் பஸ் யன்னலில் ஓடி மறையும் பனைவரிசையும் வெண்மணலுமே. நின்று பார்க்கப்படாத ஊர் இது. ஆயினும் போகிறவர்களை இவ்வூர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பிரயாண இலக்கியத்தை அந்தப் பக்கத்திலிருந்தும் மதிப்பிடலாம் அல்லவா?

நம் நாட்டுக்கு வந்த பிரயாணிகளின் வரலாறு நெடியது. இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து வந்து கரையிறங்கியபோது, புத்தளப் பகுதியில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னன் அவருக்கு முத்துக்களை வழங்கினான். பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தனுப்பினான். ஆகவே இப்னு பதூதாவின் ஏட்டில் மன்னன் உருவம் தெளிவாக இருக்கிறது. முத்துக் குளித்தவனும் பல்லக்குச் சுமந்தவனும் பெயரின்றி ஓரத்தில் நிற்கின்றனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். வேலணைத் தீவுக்கு லைடன் என்றும், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்றும், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. பாதையைத் திறந்துவிடுபவனே பார்வையையும் வகுக்கிறான் என்பதை இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இதனை உணர்ந்த ஓர் ஆங்கிலேயரும் இருந்தார். லெனார்ட் வுல்ஃப் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு இளம் உத்தியோகத்தராக வந்தவர். அரை நூற்றாண்டு கழித்து, 1961இல் வெளியிட்ட தன்வரலாற்றுப் பகுதியில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அவர் தம் முகத்தில் வேண்டுமென்றே குதிரைச் சவுக்கால் அடித்தார் என்று ஒரு தமிழ் வழக்கறிஞர் முறைப்பாடு செய்தார். வீதியை ஆக்கிரமித்து நின்ற ஒரு விறாந்தையைச் சுட்டிக்காட்டவே சவுக்கை நீட்டியதாக வுல்ஃப் விளக்கினார். விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆயின் அவர் அத்தோடு நிற்கவில்லை. தமிழரின் நகரத்துப் பெருந்தெருவில் அந்நியனான தாம் குதிரைமேல் அமர்ந்து சென்றதே அம்மக்களுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்திருக்கும் என எண்ணிப் பார்க்கிறார். தாம் எதன் மீது அமர்ந்திருந்து பார்த்தோம் என்று ஒரு பிரயாணி தம்மையே கேட்டுக்கொள்ளும் அரிய இடம் இது. இன்று குதிரை இல்லை. கடவுச்சீட்டு இருக்கிறது, டாலர் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது.

பிரயாணம் என்பதே ஆதிக்கத்தின் கருவி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. மக்களை நாடிச் சென்ற பிரயாணிகளின் மரபும் உண்டு. 'வால்காவிலிருந்து கங்கை வரை', 'ஊர்சுற்றிப் புராணம்' ஆகிய நூல்களால் தமிழ் வாசகருக்கு நெருக்கமான ராகுல சாங்கிருத்தியாயன், 1927இல் களனி வித்தியாலங்கார பிரிவெனாவில் ஆசிரியராக இருந்தவர். அங்கிருந்தே பாளி இலக்கியத்தில் ஆழ்ந்தார். 1929இல், அந்நியர் நுழைவதற்குத் தடை இருந்த திபெத்துக்கு நேபாளம் வழியாக மாறுவேடத்திற் சென்றார். பின்னரும் மும்முறை சென்றார். போகுமுன் மொழியைப் பயின்றார். பஞ்சம் பிழைக்கும் வழிப்போக்கனைப் போல் நடந்தார், கிடைத்ததை உண்டார். ஆயினும் அவரிடமும் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கோவேறு கழுதைகளில் ஏற்றி அவர் கொணர்ந்த சுவடிகளும் ஓவியங்களும் பாட்னாவைச் சேர்ந்தன. அறிவுலகம் அதனாற் பெரும்பயன் பெற்றது. கொடுத்தவர் பெற்றது என்ன? நாம் மதிக்கும் ஒருவரிடமும் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது.

தமிழகத்து ஏ. கே. செட்டியாரையும் இங்கே நினைவு கூர்தல் பொருந்தும். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகெங்கும் அலைந்து, 1940இல் ஆவணப்படம் வெளியிட்ட அவர், 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலால் பிரயாண இலக்கியத்துக்குத் தமிழில் ஒரு நடையை அமைத்துத் தந்தார். அந்நடையின் முதற் பண்பு தன்னைப் பின்னிறுத்திக் கொள்வது. உலகப் போர் மூளவிருந்த காலத்தில் கடல் கடந்தவர் அவர். தாம் பட்ட இன்னல்களைக் கொண்டு வாசகரை வியப்பில் ஆழ்த்தும் எண்ணம் அவரிடம் இல்லை. இன்றைய பிரயாண நூல்களில் 'நான்' என்ற சொல்லை எண்ணிப் பார்க்கும் மாணவர் செட்டியாரின் அருமையை உணர்வர்.

இடதுசாரிகளாகிய நாம் போற்றும் பிரயாண நூல் எட்கார் ஸ்நோ எழுதிய 'சீன வானில் சிவப்பு நட்சத்திரம்'. 1936இல் கோமிந்தாங் படைகளின் முற்றுகையைக் கடந்து வடமேற்குச் சீனத்துச் செம்படைப் பகுதிக்குச் சென்ற அவர், தலைவர்களோடு விவசாயிகளையும் சிறுவர்களையும் சந்தித்து எழுதினார். 1937இல் நூல் வெளிவந்தது. உலகம் கேளாதிருந்த ஒரு குரலை அது கேட்கச் செய்தது. அதே ஸ்நோ 1960இல் மீண்டும் சீனம் சென்றார். அப்பொழுது அந்நாடு கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட பெரும்பஞ்சத்தின் நடுவில் இருந்தது. 1962இல் அவர் வெளியிட்ட நூலோ பஞ்சம் இல்லை என்று மறுத்தது. ஒரே மனிதர், ஒரே நாடு, ஒரே பரிவு. வேறுபாடு எங்கே? முதற்பயணத்தில் அவருக்கு விருந்தளித்தவர்கள் முற்றுகைக்குள் இருந்தவர்கள். இரண்டாம் பயணத்தில் விருந்தளித்தவர்கள் ஆட்சிபீடத்தில் இருந்தவர்கள். பசித்த விவசாயியிடம் செல்லும் வழி அவர்கள் கையில் இருந்தது. நம் அணியினர் என்பதற்காக இதனை மூடி மறைப்போமாயின், மற்றவர் நூல்களைக் கண்டிக்கும் தகுதி நமக்கு இல்லாமற் போகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் போர்க்காலத்தையும் அதன் பின்னுள்ள ஆண்டுகளையும் பற்றி எழுந்த பிரயாண நூல்களை மதிப்பிடுமுன், அக்காலத்தில் இங்கே பிரயாணம் என்பதற்கு என்ன பொருள் இருந்தது என்று அறிந்துகொள்ள வேண்டும். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குறைந்தது 23 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். அவர்கள் சாகசம் தேடிச் சென்றவர்களல்லர். நாளாந்த அலுவல்களுக்காகப் படகேறியவர்கள். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 1990 அக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தமிழரின் பெயரால் நிகழ்ந்த அக்கொடுமையையும் நம் பிரயாண வரலாற்றிலேயே சேர்க்க வேண்டும். தரைப்பாதை அடைபட்டிருந்த 1990களின் தொடக்கத்தில், மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளங்களிற் கடந்தனர். பலர் கரை சேரவில்லை. யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறப் புலிகளின் 'பாஸ்' வேண்டும். அதற்குப் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர் அதே வெளியேற்றத்துக்கு இராணுவத்தின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி வழங்கும் கை மாறியது. கையேந்தி நின்றவர்கள் மாறவில்லை.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தபின் எழுந்த நூல்களுள் சமந்த் சுப்பிரமணியன் ஆங்கிலத்தில் எழுதி 2014இல் வெளியான 'பிளவுபட்ட இத்தீவு' என்னும் பொருள்படும் நூல் முதன்மையானது. தமிழ் பேசத் தெரிந்த இந்தியப் பத்திரிகையாளர் அவர். அரசின் விருந்தாளியாகவோ ஓர் இயக்கத்தின் விருந்தாளியாகவோ அவர் வரவில்லை. இராணுவத்திற் பணியாற்றிய தமிழர், புலிகள் இயக்கத்தின் தொடக்ககால உறுப்பினர், பௌத்த துறவிகள், இறுதிப் போரில் தப்பியவர்கள் என ஒருவரையொருவர் நேரிற் கேளாத பலரை ஒரே நூலுக்குள் அமர்த்தியிருக்கிறார். இரு தரப்புப் பிரசாரங்களுக்கும் அடிபணியாத நூல் அது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இடையில் நில்லாமையால், வடக்கின் பேச்சில் உள்ள தயக்கங்களும் மௌனங்களும் அதில் ஓரளவு பதிந்துள்ளன. இச்சிறப்புகளை மனமுவந்து ஏற்றுக்கொள்வோம்.

ஆயின் அந்நூலின் துணைத்தலைப்பே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது: இலங்கைப் போரின் கதைகள். போரின் கதையைத் தேடி வருபவருக்கு எதிர்ப்படும் மனிதர் எல்லாரும் போரின் சாட்சிகளாகவே தோன்றுவர். தீவகத்து மீனவர் ஒருவர் தம் அண்ணன் காணாமற்போன கதையைச் சொல்வார், வந்தவர் எழுதிக்கொள்வார். தமிழகத்து இழுவைப் படகுகள் தம் வலையை அறுத்துச் செல்வதையும், கடனுக்கு வாங்கிய இயந்திரத்தின் தவணையையும் அதே மூச்சில் அவர் சொல்வார். கேட்பவரின் பேனா அங்கே ஓய்ந்துவிடும். நன்னீர் அரிதான இத்தீவில் மழைநீரைத் தேக்கி வைப்பது மணல்தான்; மணலை அள்ளினால் கிணறு உவராகும். இதுவும் ஓர் அரசியற் கதையே. ஆயின் அதிற் குருதி இல்லை. வெளியூர் வாசகருக்கு அது சுவைப்பதில்லை. துன்பத்தை மட்டும் கேட்டு உழைப்பைக் கேளாத இலக்கியம், மனிதனைக் காயமாகச் சுருக்கிவிடுகிறது. இக்குறை ஓர் ஆசிரியருடையது மட்டுமன்று. இவ்விலக்கிய வகை முழுவதையும் பிடித்த நோய்.

இதனினும் பாரதூரமான பிரச்சினை ஒன்றுண்டு. 'வாங்கோ தம்பி, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்' என்று அந்நியரையும் வரவேற்பது நம் ஊர்களின் பண்பு. வந்தவர் அருந்திவிட்டு, கேட்டுவிட்டு, விமானமேறிச் சென்றுவிடுவார். மறுநாள் சிவில் உடையில் சிலர் வந்து, யார் வந்தார், எதைக் கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று விசாரிப்பது போருக்குப் பின்னும் வடக்கிற் பழகிப்போன நிகழ்ச்சி. தேநீர் கொடுத்த ஆச்சியின் சொற்கள் இலண்டனில் அச்சேறும். அச்சொற்களுக்கு அவர் கொடுத்த விலை எந்த நூலின் கணக்கிலும் வராது. அந்நூலை வாசிக்கும் மொழியும் அவருக்கு இல்லை; தாம் சொன்னது சரியாக எழுதப்பட்டதா என்று பார்க்கவும் வழியில்லை. உற்பத்தி செய்தவனுக்கும் விளைபொருளுக்கும் இடையே உறவு அறுந்துபோவதைப் பற்றி நாம் பொருளாதாரத்திற் படித்திருக்கிறோம். கதை சொன்னவருக்கும் கதைக்கும் இடையே அதே அறுபாடு நிகழ்வதை இலக்கியத்திற் காண்கிறோம்.

அப்படியாயின் அந்நியர் வராதிருப்பதே நன்று என்பது நம் கருத்தா? ஒருபோதும் இல்லை. 2008 செப்டெம்பரில், வன்னியைவிட்டு வெளியேறுமாறு ஐக்கிய நாடுகள் நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அரசு கட்டளையிட்டது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாயிலில் மக்கள் திரண்டு, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று வேண்டி நின்றனர். அவர்கள் போயினர். சுதந்திரமான பத்திரிகையாளர் எவரும் செல்ல முடியாத நிலத்தில் அப்போரின் இறுதி மாதங்கள் கழிந்தன. இறந்தோர் தொகை பற்றிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. 2014 அக்டோபரில் வெளிநாட்டார் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பின்னரே அது நீங்கியது. சாட்சிகள் வருவதை அதிகாரம் அஞ்சுகிறது. ஆகவே சாட்சிகள் வரவேண்டும். கிளிநொச்சி வாயிலில் நின்ற மக்கள் கேட்டது வேறொன்றுமன்று: வந்தவர் தம்முடன் நிற்கவேண்டும் என்பதே. பிரயாண இலக்கியத்தின் அறத்தை வகுக்க முனைவோர் அவ்வேண்டுகோளிலிருந்து தொடங்கலாம்.

வந்து சென்றவர்களின் நூல்களோடு, போகவும் இருக்கவும் முடியாமற் போனவர்களின் நூல்களையும் அருகருகே வைத்து வாசிக்கும் வழக்கம் நம்மிடையே ஏற்படவேண்டும். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரெத்தினத்தின் 'காற்றுவழிக் கிராமம்' 1995இல் வெளிவந்தது. மக்கள் வெளியேறிய பின் வெறிச்சோடிய தீவகத்துக் கிராமமே அதன் பொருள். சொந்த ஊருக்குப் போக மனிதனுக்குத் தடை, காற்றுக்குத் தடையில்லை. எனவே காற்று பிரயாணியாகிறது. எத்தனையோ நாடுகளின் முத்திரை பதிந்த கடவுச்சீட்டைக் கொண்டு எழுதப்பட்ட நூல்களுக்கு இல்லாத கனம், தன் ஊர்ப்படலையைத் திறக்க முடியாதவன் எழுதிய இக்கவிதைகளுக்கு இருக்கிறது.

மண்கும்பானுக்கு அயல் ஊரான அல்லைப்பிட்டியிற் பிறந்து பாரிஸ் நகரிற் புகலடைந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) வேறொரு வகையில் நம்மை விழிக்கச் செய்கிறது. அகதி விண்ணப்பத்தின் வடிவிலேயே அந்நாவல் தொடங்குகிறது. அகதி விண்ணப்பமும் ஒரு பிரயாணக் கட்டுரைதானே? எங்கிருந்து புறப்பட்டாய், எவ்வழியே வந்தாய், யாரைக் கண்டாய், ஏன் திரும்பிப் போகமாட்டாய் என்ற கேள்விகளுக்கே அதுவும் விடை கூறுகிறது. ஆயின் உலகப் பிரயாணி எழுதினால் வாசகர் நம்புகிறார்; பரிசும் கிடைக்கிறது. அகதி எழுதினால் அதிகாரி சந்தேகிக்கிறார். நாடுகடத்தும் கட்டளையும் கிடைக்கலாம். ஒரே நிலத்தின் ஒரே வீதிகளைப் பற்றிய இருவகை எழுத்துக்கள் இவை. இவற்றின் இடைவெளியில்தான் நம் காலத்தின் வர்க்க உண்மை இருக்கிறது. உலகைச் சுற்றும் உரிமை சிலருக்குச் சொத்தாகவும், ஓடித்தப்பும் கட்டாயம் பலருக்கு விதியாகவும் பங்கிடப்பட்டிருப்பதை மறைக்கும் பிரயாண நூல், எத்துணை அழகாக எழுதப்பட்டிருப்பினும், பாதி உண்மையையே சொல்கிறது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் முன்வைக்கும் அளவுகோல் எளியது. கலவர நாடு பற்றிய எந்தப் பிரயாண நூலைக் கையிலெடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவருக்குப் பாதையைத் திறந்துவிட்டவர் யார்? இவரிடம் பேசியவர் பின்னர் எங்கே இருக்கிறார், பேசியதற்கு அவர் என்ன விலை கொடுக்கக்கூடும் என்பதை இவர் எண்ணினாரா? பேசியவரின் உழைப்பும் கடனும் நகைப்பும் நூலில் இடம்பெற்றனவா, அன்றி அவரது கண்ணீர் மட்டுமா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை தரும் நூல், பிரயாணி பங்களாவில் தங்கி எழுதியதாயினும் நல்ல நூலே. தராத நூல், குண்டு மழையில் நனைந்து எழுதியதாயினும் குறையுடையதே.

மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வார் பலர். மாற்றுக் கருத்து உடையோரும் உளர். அத்தீவில் நாக அரசர் இருவர் ஒரு பீடத்துக்காகப் போரிட்டனர் என்கிறது காப்பியம். போர் நிகழ்ந்த அந்நிலத்துக்கு மணிமேகலை தன் விருப்பின்றியே கொண்டுசெல்லப்பட்டாள். அங்கே தீவதிலகை அவளுக்கு வரலாற்றை எடுத்துரைத்தாள். கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வந்தது. புகாருக்குத் திரும்பியவள் தான் கண்ட அதிசயங்களை விரித்துரைத்துப் புகழ் தேடவில்லை. ஆதிரை இட்ட முதற்பிச்சையை ஏற்று, பசித்தவர்க்கு உணவிட்டாள். நம் மொழியின் பழைய பிரயாணக் கதைகளுள் ஒன்று, பிரயாணி கொண்டு திரும்பிய பொருள் எவர் பசியைத் தீர்த்தது என்று கேட்கும்படியாக அமைந்திருப்பதை எண்ணி நாம் பெருமைப்படலாம்.

இன்னொரு கடமையும் நமக்கு இருக்கிறது. கிளாலியை வள்ளத்திற் கடந்தவர்களும், 'பாஸ்' பெற வரிசையில் நின்றவர்களும், 1990இல் பொட்டலத்தோடு வெளியேறியவர்களும் நம் மாணவர்களின் வீடுகளில் இருக்கின்றனர், முதுமையடைந்து வருகின்றனர். எவரோ வந்து கேட்டு வேறொரு மொழியில் எழுதும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் அப்பியாசப் புத்தகம் போதும். அப்புவும் ஆச்சியும் சொல்லும் பிரயாணங்களைப் பிள்ளைகள் அவர்களின் சொற்களிலேயே எழுதட்டும். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்கட்டும். சொல்ல விரும்பாததைச் சொல்லாதிருக்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுக்கட்டும். அடுத்த பிரயாணி பண்ணைப் பாலத்தைக் கடந்து வரும்போது, அவர் கையிலுள்ள வெற்றுக் குறிப்பேட்டுக்கு ஈடாக இங்கே எழுதி நிரம்பிய குறிப்பேடுகள் இருக்கட்டும். அவர் முதலில் அவற்றை வாசிக்கட்டும். பிறகு வேண்டுமாயின் கேள்வி கேட்கலாம்.